வருஷ பலன்: 1882-ஆம் வருஷம் சொல்லுவது என்ன?

(சித்திரை முதல் நாள் மாலை ஒரு கிராமத்து வாசகசாலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று வருஷப் பிறப்பு. காலையில் கோயில் மண்டபத்தில் பஞ்சாங்கம் படித்தார்கள். இவ்வருஷத்துக்கு ராஜா இன்ன கிரகம், மந்திரி இன்ன கிரகம், மழை இத்தனை மரக்கால், இன்ன ராசிக்காரருக்கு ஆதாயம் இத்தனை, விரயம் இத்தனை என்று வாசித்தார்கள். நீங்களும் அதைக் கேட்டுவிட்டு, வேப்பம்பூப் பச்சடியும் பாயசமும் சாப்பிட்டுவிட்டு இங்கு வந்திருக்கிறீர்கள். பண்டிகைச் சாப்பாட்டின்மீது நமக்கு யாதொரு விரோதமும் கிடையாது. அந்த மரக்கால் கணக்கின்மீதுதான் நமக்குச் சந்தேகம்.

நாம் இவ்வூருக்குள் நுழைந்ததும் ஒரு பெரியவர் நம்மை நிறுத்தி, "ஐயா, நல்ல வருஷம், கெட்ட வருஷம், நல்ல வேளை, கெட்ட வேளை என்பதெல்லாம் பொய்யென்கிறீர்களே, அதை உங்களால் ருசுப்படுத்த முடியுமா?" என்று கேட்டார். அவர் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. காரணத்தையும் சொன்னார். அவருக்குத் தெரிந்த ஒரு வீட்டில் போன வருஷம் ஒரு பெண்ணை மருமகளாக அழைத்து வந்தார்கள். அவள் வந்த நாலாம் மாதம் மாமனார் இருமி இருமி ரத்தம் கக்கினார். உடனே, "இவள் அடியெடுத்து வைத்த வேளை சரியில்லை, இவள் பிறந்த நட்சத்திரம் மாமனாருக்கு ஆகாது" என்று சொல்லி அந்தப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். யார் வீடு என்று நாம் சொல்லப்போவதில்லை. ஆனால் நாம் இன்று பேசப்போவது அந்தப் பெண்ணின் வழக்கைத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருஷத்துக்குப் பலன் உண்டா இல்லையா என்று பார்க்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? வரப்போகிற வருஷத்தைப் பற்றி எவன் வேண்டுமானாலும் எதையும் சொல்லலாம். கடந்துபோன ஒரு வருஷத்தை எடுத்து, கடைக்காரர் பழைய பேரேட்டைப் புரட்டுவதுபோலப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஆதலால் நாம் 1882-ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்ளுகிறோம். அவ்வருஷம் பிறந்தவர்களில் இன்று உயிரோடிருப்பவர் ஒருவருமில்லை. எல்லாருடைய கணக்கும் தீர்ந்துபோயிற்று. ஆகையால் தாராளமாகப் பரிசோதிக்கலாம்.

பஞ்சாங்கப்படி அவ்வருஷம் சித்திரை மாதத்தில் பிறந்தது சித்திரபானு வருஷம். அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும். 1882-க்குப் பிறகு 1942-ம், 2002-ம் சித்திரபானுதான். பெயருக்குப் பலன் உண்டானால் மூன்றும் ஒரே மாதிரி இருக்கவேண்டுமல்லவா? 1942-இல் உலகமெங்கும் யுத்தம்; நம் நாட்டிலோ ஆகஸ்டு மாதத்தில் "வெள்ளையனே வெளியேறு" என்ற கிளர்ச்சி. மற்ற இரண்டு சித்திரபானுவிலும் அப்பேர்ப்பட்ட உலக யுத்தம் ஏது? ஆகவே பெயரில் ஒன்றுமில்லை என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துபோகிறது.

இனி, அவ்வருஷம் ஆகாயத்தில் நடந்ததைப் பார்ப்போம். செப்டம்பர் மாதத்தில் ஒரு பெரிய வால் நட்சத்திரம் தோன்றிற்று. 17-ந் தேதி அது சூரியனுக்கு வெகு சமீபத்தில் சென்றபோது பட்டப்பகலில், சூரியனுக்குப் பக்கத்திலேயே, வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது. வால் நட்சத்திரம் தோன்றினால் ராஜாவுக்கு ஆகாது, யுத்தம் வரும் என்பார்கள். அவ்வருஷம் யுத்தமும் நடந்தது. ஆங்கிலேயர் எகிப்து தேசத்தின் அலெக்சாந்திரியா பட்டணத்தைப் பீரங்கியால் அடித்தார்கள். டெல்-எல்-கபீர் என்ற இடத்தில் எகிப்தியரின் சைன்யத்தை முறியடித்தார்கள். "பார்த்தாயா, வால் நட்சத்திரத்தின் வேலை!" என்று சோதிடர் சொல்லக்கூடும். ஆனால் தேதியைப் பாருங்கள். பீரங்கி வெடித்தது ஜூலை 11-ந் தேதி. சண்டை முடிந்தது செப்டம்பர் 13-ந் தேதி. பட்டப்பகலில் நட்சத்திரம் ஜொலித்தது 17-ந் தேதி. திருடன் வந்து போன பிறகு நாய் குரைத்தால், நாய் குரைத்ததால்தான் திருடன் வந்தான் என்று சொல்லலாமா? அன்றியும், அதே வால் நட்சத்திரம் எகிப்தியருக்குத் தோல்வியையும் ஆங்கிலேயருக்கு வெற்றியையும் எப்படிக் கொடுத்தது? யுத்தத்துக்குக் காரணம் சூயஸ் கால்வாயும், எகிப்து பட்ட கடனும், அதற்கு வட்டி வாங்கிய ஐரோப்பிய முதலாளிகளும்தான். அந்த யுத்தத்துக்கு நம் நாட்டுச் சிப்பாய்களையும் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள். அவர்களை அனுப்பியது கிரகமா, சர்க்காரா?

அந்த வால் நட்சத்திரத்தைப் பார்த்துத் தோஷம் கழித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் தென் ஆப்பிரிக்காவில் நன்னம்பிக்கை முனை வானாராய்ச்சிச் சாலையில் டேவிட் கில் என்பவர் என்ன செய்தார் தெரியுமா? அதைப் புகைப்படம் எடுத்தார். படத்தில் வால் நட்சத்திரத்துக்குப் பின்னாலிருந்த ஏராளமான நட்சத்திரங்களும் விழுந்திருக்கக் கண்டு, வானத்தைப் படம்பிடித்தே நட்சத்திரங்களுக்கு ஜாபிதா தயாரிக்கலாம் என்ற யோசனைக்கு வந்தார். அப்படியே தென்வானத்தின் ஜாபிதாவும் தயாராயிற்று. ஒரே நட்சத்திரந்தான், ஒருவனுக்குப் பயத்தைக் கொடுத்தது, மற்றொருவனுக்கு அறிவைக் கொடுத்தது. வித்தியாசம் நட்சத்திரத்தில் இல்லை, பார்த்தவனிடத்தில் இருக்கிறது.

டிசம்பர் 6-ந் தேதி வெள்ளிக் கிரகம் சூரியனுக்குக் குறுக்கே ஒரு கரும்புள்ளியாகக் கடந்து சென்றது. அதை அளந்து சூரியனுக்கும் நமக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடுவதற்காகப் பல தேசத்தார் கடல் கடந்து போய்க் காத்திருந்தார்கள். அடுத்த தடவை இது 2004-ஆம் வருஷம் ஜூன் மாதம் 8-ந் தேதி நடக்கும் என்று அப்போதே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். கணக்குப் போட்டவர்கள் எல்லாரும் செத்துப்போனார்கள். 122 வருஷத்துக்குப் பிறகு சொன்ன தேதியில் தவறாமல் அது நடந்தது. நம் நாட்டிலும் ஜனங்கள் பார்த்தார்கள். 2012-இல் மறுபடியும் நடந்தது. இனி 2117-இல்தான். தோழர்களே! கிரகம் எங்கே போகும் என்று கணக்கால் சொல்ல முடியும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கிரகம் உங்கள் வீட்டு மருமகளின் காலில் வந்து உட்காரும் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை. கணக்குக்குக் கிடைத்த மரியாதையைச் சோதிடம் இரவல் வாங்கிக்கொண்டு பிழைக்கிறது.

அடுத்தபடியாக நோயைப் பார்ப்போம். இதுதான் நம் வழக்குக்கு முக்கிய சாட்சி. 1882 மார்ச்சு மாதம் 24-ந் தேதி மாலை பெர்லின் நகரத்தில் ராபர்ட் காக் என்ற வைத்தியர் ஒரு சிறு சபையின்முன் பேசினார். க்ஷயரோகம் எதனால் வருகிறது என்பது அதுவரை ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ரத்தக் கெடுதல் என்றார்கள், குடும்பவாகு என்றார்கள். நம் நாட்டிலோ பூர்வஜன்ம பாபம் என்றார்கள். அந்தக் காலத்தில் சாகிற மனிதர்களில் ஏழில் ஒருவர் இந்நோயால் சாகிறார்கள் என்று அவரே சபையில் எடுத்துச் சொன்னார். பிறகு, அதற்குக் காரணமான கிருமியைக் காட்டினார். வாயால் சொன்னதோடு நிறுத்தவில்லை. நோய்கண்ட உடம்பின் சதையில் சாயமேற்றிக் கிருமியைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்தார். அதைத் தனியே எடுத்து வளர்த்தார். வளர்த்ததைச் சீமைப்பெருச்சாளிகளுக்கு ஏற்றினார். அவற்றுக்கும் அதே நோய் வந்தது. அவற்றின் உடம்பிலும் அதே கிருமி இருந்தது. இதுவல்லவோ ருசு! "நான் சொல்லுகிறேன், நம்பு" என்றில்லாமல், "இதோ கண்ணாடி, நீயே பார்" என்றார்.

அவரும் தவறாத மனிதரல்ல. 1890-இல் இந்நோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். சோதித்துப் பார்த்ததில் அது பலிக்கவில்லை. அவ்வளவு பெரியவர் சொன்னாரே என்று உலகம் அதைக் கட்டிக்கொண்டு அழவில்லை. தள்ளிவிட்டு மேலே தேடிற்று. 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு வேறு மருந்துகளும் வந்தன. 1956-இல் நம் சென்னையிலேயே ஒரு பரீட்சை ஆரம்பித்தார்கள். ஏழை நோயாளிகளில் ஒரு பாதியை ஆஸ்பத்திரியில் படுக்கை, நல்ல ஆகாரம், ஓய்வு எல்லாம் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். மற்றப் பாதிக்கு அதே மருந்தைக் கொடுத்து அவரவர் வீட்டிலேயே இருக்கச் செய்தார்கள். ஒரு வருஷம் பார்த்ததில், குணமானதில் இரு பாதிக்கும் பெரிய வித்தியாசமில்லை. வீட்டிலிருந்தவர்களுக்கும் அதனால் அதிகமாக நோய் ஒட்டவில்லை. இதை 1959-இல் உலகத்துக்குச் சொன்னார்கள். நோயாளியை ஊரைவிட்டு ஒதுக்கவேண்டியதில்லை, மருந்தைத் தவறாமல் கொடுத்தால் போதும் என்பதை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது, சென்னையின் ஏழை ஜனங்களிடத்தில் நடந்த இந்தப் பரீட்சை.

அந்த மாமனார் விஷயத்தை விசாரித்தோம். கல்யாணத்துக்கு முன்னமேயே, ஆடி மாதத்திலிருந்தே, அவருக்கு இருமல் இருந்ததாம். இது உடம்பில் புகுந்து மெள்ள மெள்ளத் தின்னும் நோய். ஆகையால் மருமகள் நோயை அந்த வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. நோய் இருந்த வீட்டுக்கு ஒன்றுமறியாத அந்தப் பெண்ணைக் கொண்டுவந்து வைத்தார்கள். நியாயமாகப் பார்த்தால், ஆபத்துக்கு ஆளானவள் அவள். குற்றவாளியாக நிறுத்தப்பட்டவளும் அவளே!

இனிப் பிறப்புக்களைப் பார்ப்போம். 1882 ஜனவரி 30-ந் தேதி அமெரிக்காவில் ஒரு பணக்கார வீட்டில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பிறந்தார். டிசம்பர் 11-ந் தேதி எட்டயபுரத்தில் சுப்பிரமணிய பாரதி பிறந்தார். 1921 ஆகஸ்டில் ரூஸ்வெல்ட்டுக்கு இளம்பிள்ளை வாதம் வந்து கால்கள் விழுந்துபோயின. அடுத்த மாதமே பாரதி நோயாய்ப் படுத்து 38-ஆம் வயதில் செத்துப்போனார். அவர் வறுமையோடு வாழ்ந்தது உங்களுக்குத் தெரியும். ரூஸ்வெல்ட்டுக்கு வைத்தியமும் ஆளும் ஓய்வும் கிடைத்தன. பிறகு நான்கு தடவை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வருஷம் இருவருக்கும் ஒன்றுதான். மடி வேறு.

இன்னொரு பிறப்பு. காக் பேசியதற்கு முந்தின நாள், மார்ச்சு 23-ந் தேதி, ஜெர்மனியில் எர்லாங்கன் ஊரில் எம்மி நோதர் என்ற பெண் பிறந்தார். பெரிய கணித மேதை. ஆனால் அவ்வூர்ச் சர்வகலாசாலையில் பெண்களை மாணாக்கராகச் சேர்ப்பதில்லை; உத்தரவு பெற்று உட்கார்ந்து கேட்கலாம், அவ்வளவே. பிறகு விதி மாறவே படித்துப் பட்டம் பெற்றார். பல வருஷம் சம்பளமில்லாமல் வேலை செய்தார். கெட்டிங்கன் நகரத்தில் இன்னொரு ஆண் பண்டிதரின் பெயரால் விளம்பரம் செய்து, இவர் பாடம் சொல்லவேண்டியிருந்தது. 1918-இல் அவர் ருசுப்படுத்திய சித்தாந்தம் இன்றும் பௌதிக சாஸ்திரத்துக்கு ஒரு தூணாயிருக்கிறது. 1933-இல் ஹிட்லர் ஆட்சி யூதர் என்பதற்காக அவரை வேலையைவிட்டு நீக்கிற்று. அமெரிக்கா போய் 1935-இல் காலமானார். இவருக்கு வந்த இடையூறுகளில் எது சனி கொடுத்தது? பெண் என்பதால் ஒன்று, யூதர் என்பதால் ஒன்று. இரண்டும் மனிதன் எழுதிய சட்டம்.

இதுதான் இன்று நாம் முக்கியமாய்ச் சொல்லவந்தது. நமக்கு வருகிற கஷ்டத்தில் ஒரு பங்கு இயற்கையால் வருகிறது. அதற்கு மருந்து ஆராய்ச்சி. மற்றொரு பங்கு மனிதன் செய்துவைத்த ஏற்பாட்டால் வருகிறது. அதற்கு மருந்து அந்த ஏற்பாட்டை மாற்றுவது. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக விதி என்று ஒன்றை நுழைத்தால், ஆராய்ச்சியும் நின்றுபோகிறது, மாற்றமும் நின்றுபோகிறது.

அவ்வருஷச் சட்டங்களையே பாருங்கள். மே 6-ந் தேதி அமெரிக்காவில் சீனத் தொழிலாளர் பத்து வருஷத்துக்கு உள்ளே வரக்கூடாதென்று சட்டம் செய்தார்கள். பிறகு அதை நீட்டிக்கொண்டே போனார்கள். 61 வருஷம் கழித்து, 1943-இல் அது ரத்தாயிற்று. ரத்துக்குக் கையெழுத்துப் போட்டவர் யார்? அச்சட்டம் பிறந்த வருஷத்திலேயே பிறந்த ரூஸ்வெல்ட்! அதன்பிறகும் வருஷத்துக்கு 105 சீனர்தான் வரலாமென்று கட்டுப்படுத்தினார்கள். ஆனாலும் மனிதன் கட்டிய சுவரை மனிதனால் இடிக்க முடியும் என்பதற்கு இது சாட்சி.

இங்கிலாந்தில் கல்யாணமான பெண் தன் சொத்தைத் தன் பேரில் வைத்துக்கொள்ளலாம் என்ற சட்டம் அவ்வருஷம் நிறைவேறிற்று. அதுவரை பெரும்பாலும் எல்லாம் புருஷனுடையதே. பிரான்சில் மார்ச்சு 28-ந் தேதி, ஆறு முதல் பதின்மூன்று வயது வரையில் எல்லாக் குழந்தைகளும் கட்டாயமாகப் படிக்கவேண்டும், சர்க்கார் பள்ளியில் மதபோதனை கூடாது என்று சட்டம் செய்தார்கள். நம் நாட்டில் ஹண்டர் என்பவர் தலைமையில் கல்விக் கமிஷன் ஒன்று போட்டார்கள். அதன்முன் ஜோதிராவ் புலே சாட்சியம் சொன்னார். உழுகிறவன் கட்டும் வரிப்பணத்தில் மேல்சாதிப் பிள்ளைகள் உயர்ந்த படிப்புப் படிக்கிறார்கள், உழுகிறவன் பிள்ளைக்கு அரிச்சுவடிகூட இல்லை, ஆகையால் பன்னிரண்டு வயதுவரையாவது ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்குங்கள் என்பது அவருடைய வாதம். பிரான்சுக் குழந்தைக்கு அவ்வருஷமே கிடைத்தது. நம் குழந்தைக்குச் சட்டப்படியான உரிமையாகக் கிடைக்க 2009 வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. இதுவும் ராசி பலனா?

அதே வருஷம் மராட்டிய தேசத்தில் தாராபாய் ஷிண்டே என்ற அம்மையார் ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டு ஒரு சிறு புத்தகம் எழுதினார். சூரத்தில் ஒரு இளம் விதவை, தனக்குப் பிறந்த குழந்தையைக் கொன்றதற்காகத் தண்டிக்கப்பட்டாள். ஊரே அவளைத் தூற்றிற்று. மறுமணம் கூடாதென்று தடுத்தவர்களும் ஆண்கள், அவளைக் கெடுத்தவனும் ஆண். பழி மட்டும் பெண்ணுக்கா என்பது அவ்வம்மையாரின் கேள்வி. அந்தப் புத்தகத்துக்காக அவரையும் தூற்றினார்கள். புலே அவர் பக்கம் நின்றார்.

இங்கிலாந்துப் பார்லிமெண்டில் என்ன நடந்தது? கடவுள் நம்பிக்கையில்லாத சார்ல்ஸ் பிராட்லா என்பவரை நார்தாம்ப்டன் ஜனங்கள் 1880-இல் தேர்ந்தெடுத்தார்கள். சபையார் அவரை உட்கார விடவில்லை. 1882 பிப்ரவரியில் அவர் தாமே மேசையண்டை போய்ப் பிரமாணத்தைப் படித்துக் கையெழுத்திட்டார். மறுநாள் ஸ்தானத்திலிருந்து நீக்கினார்கள். மார்ச்சில் அதே ஜனங்கள் அவரையே மறுபடி அனுப்பினார்கள்! 1886-இல்தான் உட்கார முடிந்தது. அவருடைய பிரசாரம் சென்னை வரையில் எட்டிற்று. சென்னையிலிருந்த பகுத்தறிவாளர்கள் சிலர் ஒரு சங்கமாகக் கூடி "தத்துவ விவேசினி" என்ற தமிழ் வாரப் பத்திரிகையை அதே 1882-இல் ஆரம்பித்து 1888 வரையில் நடத்தினார்கள். ஆகையால் நம் ஊரில் இப்பேச்சு புதிதல்ல; அதற்கும் ஒரு பாட்டன் உண்டு.

கடைசியாக ஒரு மரணம். ஏப்ரல் 19-ந் தேதி சார்ல்ஸ் டார்வின் தமது 73-ஆம் வயதில் காலமானார். மனிதனும் மற்றப் பிராணிகளும் ஒரே வம்சாவளியில் வந்தவை என்று சொன்னதற்காகப் பாதிரிமார்களிடம் வசவு வாங்கியவர் அவர். அவரைப் புதைத்த இடமோ லண்டனில் உள்ள பெரிய மாதாகோயில்! அவர் கடைசியாக எழுதியது எதைப்பற்றித் தெரியுமா? மண்புழுவைப்பற்றி. உழவர்களே, நீங்கள் தினம் மிதித்துப்போகிற அந்தப் புழு நிலத்தைப் புரட்டி வளமாக்குவதை வருஷக்கணக்காக அளந்து எழுதினார். ராஜா மந்திரி என்று நவக்கிரகங்களைத் தேடினவர்களுக்கு வயலின் ராஜா காலடியில் இருந்தது தெரியவில்லை.

ஆகவே, பெரியவரே, நீங்கள் கேட்டதற்கு நம் பதில் இது. 1882 நல்ல வருஷமுமல்ல, கெட்ட வருஷமுமல்ல. வருஷம் என்பது பூமி சூரியனை ஒரு சுற்றுச் சுற்றும் காலம். ஒரு காலிப் படி. அதில் நெல்லை அளக்கிறவனும் மனிதன், பதரை அளக்கிறவனும் மனிதன்.

அந்த மாமனார் இப்போது சர்க்கார் ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்து மருந்து சாப்பிடுகிறார். ஆறு மாதம் விடாமல் சாப்பிடவேண்டும். மருந்துக்குக் காசு கிடையாது. நாலு மாதமாகிவிட்டது, இருமல் நின்று உடம்பு தேறிவருகிறதாம். சந்தோஷம். ஆனால் மருமகள் இன்னமும் தாய்வீட்டில்தான் இருக்கிறாள்! நோய் போய்விட்டது, பழி போகவில்லை. இன்றும் உலகத்தில் வருஷந்தோறும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் இந்த நோயால் சாகிறார்கள். மருந்திருந்தும் ஏன் சாகிறார்கள்? வறுமை ஒரு காரணம். வெளியே சொன்னால் அவமானம் என்று மறைப்பது இன்னொரு காரணம். பழியை மருமகள்மேல் போட்டுவிட்டு இருமலை வீட்டுக்குள் வைத்துக்கொண்டால், அந்த வீட்டில் அடுத்தவன் இருமுவான்.

ஆதலால், நாம் சொல்லுகிறோம் என்பதற்காக ஒன்றையும் நம்பவேண்டாம். வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்குமேல் இருமல் இருந்தால், நாள் பார்க்காமல் சளியைச் சோதியுங்கள். பிறகு உங்களில் நாலு பேர் அந்த வீட்டுக்குப் போய், தேதிகளை எடுத்துச் சொல்லி, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு வரும்படி பேசுங்கள். அவள் வர இஷ்டப்பட்டால் வரட்டும். இஷ்டமில்லையென்றால் அவளிடம் மன்னிப்பாவது கேட்கட்டும். இந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தில் அவளுக்கு என்ன பலன் எழுதியிருக்கிறதோ நமக்குத் தெரியாது. அவளுக்கு நியாயம் கிடைத்தால் அதுவே இவ்வூருக்கு இந்த வருஷத்தின் பலன்.